செல்ஃப் அடிச்சே கடலைக் குடிக்க வெச்ச மாப்ளைக்கு

ஏலே மாப்ளே, பாய்ப்படகு வாங்கிட்டியாம், சந்தோசம். நம்ம தூத்துக்குடித் தோணிக்காரன் பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கு வெங்காயம் ஏத்திப் போன காலத்துல, எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சுன்னு ஒருத்தனும் அழுததில்ல. எஞ்சினே கெடையாதுல்லா!

உன் படகு எஞ்சினோட ஆயில் குச்சியை உருவுனா மோரு மாதிரி வடியுது. அளவும் ஏறிக் கெடக்கு. ஆயில் குட்டி போட்டுருச்சுன்னு பூரிச்சிருப்பே. மெக்கானிக்கு வந்ததும் “ஹெட் கேஸ்கட் போச்சு”ம்பான். அவனும் பிள்ளைக்குப் பீஸ் கட்டணும்லா. ஹெட்டைக் கழத்துறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு: ஸ்டார்ட் ஆகலைன்னு செல்ஃபை எவ்வளவு நேரம் அமுக்குனே?

முழிக்காத. எஞ்சின் பிடிக்கலைன்னாலும் சுத்துற வரைக்கும் பம்பு கடல்தண்ணியை இழுத்துச் சைலன்சர்ல கொட்டும். அதை வெளிய தள்ள வேண்டியது புகை. நெருப்பே பிடிக்கல, புகைக்கு எங்க போவ? சைலன்சர் நெறஞ்சு, தண்ணி வந்த வழியே சிலிண்டருக்குள்ள விருந்தாடியா ஏறி, அங்கேருந்து ஆயில்லயும் எறங்கிரும். செல்ஃப் ‘டொக்’குன்னு நின்னா மறுபடி அமுக்கிராத. தண்ணி நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜெக்டரைக் கழத்திட்டு எஞ்சினைக் கையால சுத்து, தண்ணி பீச்சிட்டு வரும். மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்கோ.

அமுக்கவே இல்ல, ராத்திரி சும்மா நின்ன படகுங்கியா? எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழ இருந்தா, கடல்தண்ணி ஹோஸ் வளைவு உச்சியில உள்ள காத்து வால்வைப் பாரு. உப்பு அடைச்சிருந்தா கடல் சைஃபன் பிடிச்சு ராவெல்லாம் உள்ள இறங்கும்.

ஓடும்போது தண்ணி சேருது, கூலண்டும் குறையுதுன்னா மெக்கானிக்கு பேச்சுக்கு மரியாத உண்டு. கூலண்ட் குறையல, சிலிண்டரும் காஞ்சிருக்குன்னா கடல்தண்ணி பம்பு சீலையும் ஆயில் கூலரையும் பாரு. உப்பு இருக்கான்னு நக்கி மட்டும் பாக்காத, கூலண்டு விஷம்.

வழியை அடைச்சதும் அன்னைக்கே ஆயிலை மாத்து. ஓட விட்டு, கலங்கல் போற வரைக்கும் திரும்பத் திரும்ப மாத்து. ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்னு விட்டா துரு உன்னைக் கேக்காது.

இனிமே முரண்டு பிடிச்சா, கடல்தண்ணி வால்வை மூடிட்டுச் செல்ஃப் அடி. பிடிச்ச உடனே தெறந்திரு. மறந்தா பம்பு இம்பெல்லர் கருகும், அதுக்கும் எங்கிட்டத்தான் வருவே.