அரச குடும்பத் தபாலட்டைகளும் பொண்டி வாசியும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பாரிசின் புறநகரான பொண்டியில் குடியிருந்து, சாமான் வாங்க லாச்சப்பலுக்குப் போய்வரும் தமிழர் ஒருவர், தனக்கு ஒட்டுமில்லாத உறவுமில்லாத அரச குடும்பங்களின் பழைய தபாலட்டைகளைக் காசு கொடுத்து வாங்குவது ஏன்? துறையின் மூலவினாவை எழுப்பியவர் அவருடைய மனைவியே: "இஞ்சேருங்கோ, உவை ஆர், எங்கட சொந்தமே?"

2. கருதுகோள்

சொந்த அரசனை இழந்தவனே பிறர் அரசனைச் சேகரிப்பான். முதற் சான்று பிரெஞ்சுக்காரர். 16ஆம் லூயியின் தலையை 1793இல் வெட்டிய அதே நகரம், ரஷ்யச் சார் 2ஆம் நிக்கொலாஸ் 1896இல் வந்து செயின் நதிப் பாலமொன்றுக்கு அடிக்கல் நாட்டியபோது தெருவெல்லாம் கூடி வாழ்த்தியது. 1901இல் அவர் மறுபடியும் பிரான்சுக்கு வந்தபோது அட்டை வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை.

3. தமிழர் நிலை

எமது மன்னர்கள் கமராவுக்குத் தப்பியவர்கள். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் போயிற்று. கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். தகேரின் ஒளிப்பட முறை பாரிசில் வெளியானதோ 1839இல். ஏழே ஆண்டுத் தாமதம். பிரான்சிடம் நட்டஈடு கேட்க இடமுண்டு.

விதிவிலக்கு புதுக்கோட்டை மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். மெல்பேண் நகரத்து மொலி ஃபிங்கை 1915இல் மணந்தார். பிரித்தானிய அரசு அம்மணியை ராணியாக ஏற்க மறுத்தது. ஊரும் வேண்டாம், உங்கள் மரியாதையும் வேண்டாம் என்று கான் நகரில் குடியேறி, 1928இல் பாரிசிலேயே கண்மூடினார். எங்களுக்கு முன்பே இங்கு வந்து குடியிருந்த தமிழ்நாட்டு அரசர். வதிவிட அட்டைக்கு விடியப்புறம் வரிசையில் நின்றதாகத்தான் தகவல் இல்லை.

4. ஆய்வு முறை

சாம்ஸ் எலிசே ஓரத்து மரினி முத்திரைச் சந்தை வியாழன், சனி, ஞாயிறுகளில் கூடும். உணவகத்தில் வேலை செய்பவருக்கு வியாழன் வசதி. அட்டையைக் கையில் எடுத்ததும் அரசரின் முகத்தைப் பார்ப்பவர் கற்றுக்குட்டி. தேர்ந்தவர் முதலில் முதுகைத்தான் பார்ப்பார். பிரான்சில் 1903 கடைசிவரை முதுகுப்பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதியைப் படப்பக்கத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் சாரின் சப்பாத்துக்கும் அட்டை விளிம்புக்கும் நடுவே யாரோ ஒரு பெண்ணின் தடிமன் காய்ச்சல் விபரம் ஊதா மையில் ஓடும். இடம் போதாமல் கடைசிச் சொல் வாளுறையில் ஏறி நிற்கும். முதுகின் நடுவே கோடு விழுந்திருந்தால் அது பிந்திய அட்டை. அப்போது பேரம் பேசலாம்.

5. மறுப்பும் விடையும்

லண்டனிலுள்ள உறவினர் ஒருவர் கேட்கிறார்: "இஞ்ச அரசர் உயிரோட இருக்கிறார், அப்பவும் சனம் அட்டை வாங்குதே?" நியாயமான கேள்வி. ஆனால் அது சேகரிப்பில் சேராது. வரி கட்டுகிறவன், தன் காசு எங்கே போகிறதென்று பார்த்து வைக்கிறான்.