மூன்று நாளில் டெல்லி: ஒரு நவீன ஆற்றுப்படை

முதன்முறையாகத் தலைநகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பம் அதற்கான திட்டத்தை எப்படி வகுக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஆய்வெல்லை, மூன்று பகல். ஆய்வுக்களம், சாப்பாட்டு மேசை. மேசை இல்லாத வீடுகளில் கூடத்துத் தரை. டெல்லி இந்த ஆய்வின் களம் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. சென்னையிலிருந்து ரயில் வழியில் அது ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. திட்டம் வகுக்கும் பேச்சிலும் அதே தொலைவில்தான் இருக்கிறது.

இத்துறையில் முன்னோடிகள் குறைவு. டெல்லியில் வாழ்ந்து எழுதிய ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் அவ்வூர்த் தமிழர் மனத்தின் உள்ளறைகளைத் திறந்து காட்டினார்கள். குதுப்மினாருக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று சொல்லவில்லை. அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். ஓர் ஊரில் குடியிருப்பவர் அந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பதில்லை. மத்திய அரசு வேலையில் அங்கேயே காலம் தள்ளிய சித்தப்பா செங்கோட்டையை ஆகஸ்ட் 15 காலையில், நம்மைப் போலவே, டி.வி.யில்தான் பார்க்கிறார்.

வரலாற்றில் இந்தத் தொலைவுச் சிக்கலை வேரோடு தீர்க்க முனைந்தவர் ஒருவரே. முகமது பின் துக்ளக் 1327-ஆம் ஆண்டு வாக்கில் தலைநகரையே தெற்கே தௌலதாபாத்துக்குக் கொண்டுவந்தார். தென்னாட்டாரின் பயணத் தூரத்தை இந்த அளவுக்குக் குறைத்த ஆட்சியாளர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்காக அவருக்கு நம்மவர் செய்த கைம்மாறு, அவர் பெயரில் ஒரு நையாண்டி நாடகம்.

துக்ளக்கின் தீர்வு நிலைக்காததால் பிறர் வழிகாட்டலை நாடவேண்டியிருக்கிறது. சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு: வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவது. இவ்வகை வழக்கொழிந்துவிட்டது என்று பாடநூல் எழுதுவோர், டெல்லி போய்வந்த பெரியப்பாவைச் சந்தித்ததில்லை. பழைய பாணன் பரிசு பெற்ற மகிழ்ச்சியில் பேசினான். பெரியப்பா பேரத்தில் தோற்ற அனுபவத்தில் பேசுகிறார். மற்றபடி இலக்கணம் பிறழவில்லை.

பெரியப்பா எல்.டி.சி.யில் போன ஆண்டோடு டெல்லியின் கடிகாரம் நின்றுவிட்டது. “குதுப்மினார் உச்சிக்கு ஏறிப் பாரு, ஊரே தெரியும்” என்கிறார். 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் உயிரிழந்தபின் யாரையும் மேலே விடுவதில்லை. “பக்கத்துல இரும்புத் தூண் இருக்கு. முதுகைச் சாய்ச்சு ரெண்டு கையாலயும் பின்பக்கமா வளைச்சுப் பிடிச்சா நினைச்சது நடக்கும்.” ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் துருப்பிடிக்காமல் நின்ற தூண், இப்படி நினைத்தவர்களின் கை பட்டுத் தேயக் கூடாது என்று 1997-இல் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். “ராஜபாதையில நடந்து போய் இந்தியா கேட்ல அணையா விளக்கைப் பாரு.” ராஜபாதை 2022-இல் கடமைப் பாதையாகப் பெயர் மாறியது, அதே ஆண்டு ஜனவரியில் அணையா விளக்கின் சுடர் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்க்கப்பட்டது. இவற்றை எடுத்துச் சொன்னால் பெரியப்பா திருத்திக்கொள்வதில்லை. “நான் பார்த்தேன்டா” என்கிறார். நேரில் கண்ட சாட்சியை மறுக்கும் வழி எந்த ஆய்வு நெறியிலும் இல்லை.

அடுத்து, காலம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆண்டில் மூன்று வாய்ப்புகளே. கோடை விடுமுறையில் போனால் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. அரையாண்டு விடுமுறையில் போனால் பனிமூட்டம். இந்தியா கேட்டின் எதிரில் நின்றுகொண்டே இந்தியா கேட் எங்கே என்று கேட்கலாம், ரயிலும் எப்போது வருமென்று அதற்கே தெரியாது. எஞ்சுவது காலாண்டு விடுமுறை. அக்டோபர் தொடக்கம் உண்மையிலேயே நல்ல பருவம், ஆனால் அந்த விடுமுறை பண்டிகை போகக் கைக்கு மிஞ்சுவதில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டம் மலர்களோடு மக்களுக்குத் திறப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். நம் வீட்டில் அப்போது பொதுத்தேர்வு. ரோஜாவை விடக் கணக்குப் பாடம் முக்கியம் என்பதில் இதுவரை எந்தப் பெற்றோரும் தடுமாறியதில்லை.

ஆனால் ஆய்வின் உயிர்நிலை கிழமையில் இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்கவேண்டும்.

திங்கட்கிழமை செங்கோட்டை மூடல். தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் எல்லாம் அன்றே மூடல். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல். ஞாயிறன்று சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் மூடல். டெல்லியின் விடுமுறைகள் இவை. நமக்கும் சில உண்டு. பஞ்சாங்கப்படி செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். டெல்லி வடக்கே இருக்கிறது. தொல்லியல் துறையின் அட்டவணையையும் பாம்புப் பஞ்சாங்கத்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கும் துணிவு இதற்கு முன் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், நடுவில் ஒரு முழுப்பகலை விழுங்கி, அதற்கடுத்த நாள் காலை டெல்லியில் விடுகிறது. சனி இரவு ஏறினால் திங்கள் காலை இறங்குவோம். முதல் நாளே பூட்டிய கதவுகளைப் பார்க்கலாம். புதன் இரவு ஏறினால் வெள்ளி, சனி டெல்லி, ஞாயிறு தாஜ்மகால் என்று கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் சூலம். பால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை என்று பரிகாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வழியில் செருப்பு அறுந்தால்கூட அது அந்தப் புதன்கிழமையின் கணக்கில்தான் எழுதப்படும். ஞாயிறு இரவு ஏறினால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எல்லாமே திறந்திருக்கும். கோட்பாட்டளவில் குறையே இல்லாத விடை. ஆனால் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாள் லீவு எழுதவேண்டும். மேலதிகாரி என்ற காரணியைச் சேர்த்தவுடன் கோட்பாடு சரிகிறது.

ஆக, வியாழன் இரவு. அன்று சூலம் தெற்கே. நம் பக்கம் வராது. சனி, ஞாயிறு டெல்லி. திங்களன்று டெல்லி பூட்டிக்கொள்ளும்போது நாம் ஆக்ராவில் இருப்போம்; தாஜுக்கு வெள்ளி மட்டும்தானே விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை டெல்லி–ஆக்ரா கதிமான் எக்ஸ்பிரஸ்கூட ஓடுவதில்லை என்பதிலிருந்து, ரயில்வேயில் யாரோ ஒருவர் இத்துறையில் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். திரும்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கன்டோன்மென்டில் நிற்கிறது. அங்கேயே ஏறிவிட்டால் புதன் காலை சென்னை. மூன்றே நாள் லீவு. இதைத் ‘திங்கள் ஆக்ராத் தேற்றம்’ என்று அழைக்கப் பரிந்துரைக்கிறேன். ஞாயிறன்று சாந்தினி சௌக் மூடியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். பணப்பை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்டுப் பார்க்கவும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆக்ரா டெல்லியில் இல்லை. சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. தலைநகரைப் பார்க்கப் போனவர் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை உத்தரப் பிரதேசத்தில் கழிப்பது எவ்வகையில் தலைநகர்ச் சுற்றுலா? வரலாற்றுவாதிகளிடம் இதற்கு விடை உண்டு. ஷாஜகான் முதலில் ஆக்ராவிலிருந்துதான் ஆண்டார். 1639-இல் தொடங்கி 1648-இல் செங்கோட்டையை முடித்தபின் டெல்லிக்கு வந்தார். எனவே ஆக்ரா பழைய தலைநகர். கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் உண்மைக் காரணம் அதுவன்று.

உண்மைக் காரணம் ஆக்ராவிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. அது நம் தெருவில் இருக்கிறது. இக்கட்டுரையின் கருதுகோள் இதுவே: பயணத் திட்டம் ஊரைப் பார்ப்பதற்காக வகுக்கப்படுவதில்லை, திரும்பி வந்தபின் நடக்கும் குறுக்கு விசாரணைக்கான முன்னேற்பாடு அது. அகப்பாடலுக்கு உரிப்பொருள் போல இதற்கும் ஒன்று உண்டு. பார்த்தலும் பார்த்தல் நிமித்தமும் என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும். உள்ளே புகுந்தால், கேட்கப்படுதலும் கேட்கப்படுதல் நிமித்தமுமே.

சான்று வேண்டுமா? டெல்லியிலிருந்து வந்த எவரிடமும் “என்ன பார்த்தீங்க?” என்று கேட்கப்படுவதில்லை. “தாஜ்மகால் பார்த்தீங்கல்ல?” என்றுதான் அத்தை கேட்பார். இல்லையென்றால், “அவ்வளவு தூரம் போயிட்டு!” என்ற தீர்ப்பு உடனே வரும், அதற்கு மேல்முறையீடு கிடையாது. அக்ஷர்தாம் போனால் “போட்டோ எங்கே?” என்பார்கள், கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள் என்ற விளக்கம் ஏற்கப்படாது. ஹுமாயூன் கல்லறை கட்டடக் கலையில் தாஜுக்கு மூத்த உறவு. ஆற அமர ஒரு மாலையைக் கழிக்க டெல்லியில் அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. எந்த அத்தையும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஆகவே அது பட்டியலில் இல்லை. இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் இருக்கிறார்; பாட்டி கேட்பார். அறுபடை வீட்டையும் விட்டுவிட்டு முருகனைப் பார்க்க டெல்லி போனீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை, தேவையுமில்லை. முதல் நாள் சோலே பட்டூரா. இரண்டாம் நாள் காலையிலேயே கன்னாட் பிளேஸ் சரவண பவன் வாசலில் வரிசை.

தேற்றத்தை நடைமுறைப்படுத்த விரும்புவோருக்கு ஒரு செய்தி. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அந்த அறுபதாம் நாள் காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். சூலம் இல்லாத அதே வியாழன் வண்டிக்கு, இதே கட்டுரையைப் படித்த மற்றவர்களும் காத்திருப்பார்கள். 7.55-க்கே உட்கார்ந்துவிடுங்கள்.