ஏழாம் வகுப்புக்கு எந்த ஷிஃப்ட்?

காலை உணவுத் திட்டத்தை அரசு உதவி பெறும் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுபோக 2024 ஜூலை 15 அன்று முதலமைச்சர் வந்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரிக்குத்தான். ஊரெல்லாம் பெருமை. என் மகன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் படிப்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் பொங்கல். ஆறாவதுக்குப் போன அவனுக்கு அதே வளாகத்தில் வாசனை மட்டும் இலவசம்.

பத்தாம் வகுப்பென்றால் உபசாரமே வேறு. பாதாம் ஊறும், டிவி அணையும், சித்தி பேனாவைக் கோயிலில் வைத்து எடுத்து வருவாள். அடுத்த ஆண்டு அவன் போன ஏழாவதுக்கு? "எத்தனாவது படிக்கிற?" என்பார்கள், பதில் வருமுன் காபியைப் பார்ப்பார்கள். எட்டு வரை ஃபெயில் கிடையாதே! (அது நல்ல ஏற்பாடுதான். ஃபெயில் இல்லையென்றால் விசாரிப்பும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டதுதான் கோளாறு.)

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். காலை ஷிஃப்டில் அவன் எழுமுன் நான் கிளம்பிவிடுவேன். இரண்டாவது ஷிஃப்டில் நான் வருமுன் அவன் தூங்கிவிடுவான். நைட் ஷிஃப்ட் வாரம் பகலெல்லாம் நான் தூங்க, வீடு சைகை பாஷையில் நடக்கும். ஞாயிறன்றுகூட ஒளிச்சேர்க்கையை உதட்டசைவிலேயே மனப்பாடம் செய்தான். திங்களன்று வகுப்பில் ஒப்பிக்கச் சொன்னால், பழக்கதோஷம், உதடுதான் ஆடியிருக்கிறது. தொண்டையில் புண்ணா என்று டீச்சர் கேட்டாராம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும். இருக்கிறோம். ஆனால் கூட்டம் பிற்பகலில். சிப்காட் ஊரில் அந்நேரம் வரக்கூடிய அப்பாக்கள் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள்தான். தண்ணீர் மோட்டார் தீர்மானத்துக்கு ஒருவர் தலையாட்டினார். சம்மதமா தூக்கமா என்று தலைமையாசிரியைக்குச் சந்தேகம்.

அதே கூட்டத்தில், ஒடிசாவிலிருந்து வந்த அம்மா ஒருவர்; தமிழ் தெரியாது. டீச்சர் சொன்ன புகார்களை, என் மகனின் நண்பனான அவர் மகனே மொழிபெயர்த்தான். டீச்சர் ஐந்து நிமிடம் பேசியது ஒடியாவில் ஒரே வரியாக வந்தது. அம்மா முகமெல்லாம் பூரிப்பு.

கிளம்பும்போது டீச்சர் என்னிடம், "வாரத்துல ஒரு நாள் மார்க்கைத் தவிர வேற எதையாவது கேளுங்க சார்" என்றார். கேட்டேன். மகன் முதலில் மிரண்டான். யார் பெஞ்சு மாறினார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று சுற்றி வந்து, "பாத்ரூம்ல தண்ணி வராது நைனா, அதான் ஸ்கூல்ல தண்ணியே குடிக்கமாட்டேன்" என்றான். பாட்டில் தினமும் நிரம்பியே திரும்பியதன் மர்மம் இதுதான். அந்த மோட்டாருக்குத்தான் நாங்கள் தூங்கித் தூங்கித் தீர்மானம் போட்டிருந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒருவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, முழுக்க விழித்தபடியே போய் மோட்டாரைத்தான் முதலில் கேட்டேன். பள்ளியும் உஷாராகி, அந்த ஒடியா அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேறு ஆளை வைத்தது. என் மகனை. அவனுக்கு ஒடியாவில் தெரிந்தது நாலைந்து வார்த்தை. எல்லாம் நண்பனே சொல்லிக்கொடுத்தவை.