பாம்பேயில் இருந்தவர்

கட்டைவிரலால் ஓர் அழுத்து. உள்ளே போன பன் மேலே எழும்பி வருகிறதா என்று அரை நிமிடம் உற்றுப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "இது பாவ் இல்ல, பன்னு" என்று தீர்ப்புச் சொல்வார். கும்மிடிப்பூண்டி பஜாரில் பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டைவிரல் நன்றாகத் தெரியும். அவர் தலை தெரிந்தாலே டிரேயை உள்ளே இழுத்துவிடுகிறார்கள்.

உங்கள் கம்பெனியிலும் ஒருவர் இருப்பார். எந்தக் காலத்திலோ ஆறு மாதம் தாணேக்கு ட்ரெயினிங் போய்வந்தவர். ஆறு மாதம் என்பது ஆபீஸ் கணக்கு. அவர் வாய்க்கணக்கில் அது வருடா வருடம் இன்க்ரிமென்ட் வாங்கி, இப்போது நாலு வருடத்தில் வந்து நிற்கிறது. சிப்காட்டில் அவருக்குப் பெயரே 'பாம்பே சார்'தான்.

"தம்பி, சண்டே நம்ம வீட்ல வடா பாவ். காலைல சாப்பிடாம வந்துடு" என்பார். வரலாம், தப்பில்லை. சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். நாம் போகும்போது அவர் வீட்டில் இருக்கமாட்டார். பாவ் தேடப் போயிருப்பார்.

பஜார் பன்னில் டூட்டி ஃப்ரூட்டி இருந்தது, வேண்டாம். கவரைப்பேட்டை பன்னில் சர்க்கரை தூக்கல், வேண்டாம். பொன்னேரியில் பர்கர் பன் கொடுத்தார்கள். மேலே எள்ளைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, திதிக்கா வாங்கிட்டுப் போறேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சென்னை சூப்பர் மார்க்கெட்டில் 'பாவ்' என்றே அச்சடித்த பாக்கெட் கிடைத்தது. அது பிரிட்ஜில் இருந்ததாம். பாவ் என்றால் கையில் சூடு தெரியவேண்டுமாம். ஒருமுறை ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போய், ஆரம்பாக்கம் தாண்டி, தடாவில் தேடினார். மாநிலம்தான் மாறியது, பன் மாறவில்லை.

பொறுக்கமுடியாமல் ஒரு பேக்கரிக்காரர் கேட்டேவிட்டார். "சார், நீங்க பன்னு வாங்க வர்றீங்களா, நாடி பாக்க வர்றீங்களா? அடுத்து வர்றவங்க எல்லா பன்னுலயும் ஏன் தொப்புள் இருக்குன்னு கேக்குறாங்க."

சார் அசரவில்லை. "பாம்பேல இதெல்லாம் விறகடுப்பு பேக்கரில வேகும் தம்பி. தனித்தனியா வராது, பாளமா ஒட்டிக்கிட்டு வரும். நாமதான் பிச்சுக்கணும்" என்று பாடம் எடுத்தார். கடைசியில் வாங்கியது அதே டூட்டி ஃப்ரூட்டி பன். வீட்டுக்கு வந்து, பல்குத்தும் குச்சியால் அந்தச் சிவப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். மணி பன்னிரண்டு.

தோண்டும்போது வரலாறு ஓடும். தாதர் ஸ்டேஷன் வாசலில் 1966இல் அசோக் வைத்யா என்பவர் வண்டி போட்டு, வடையைப் பாவுக்குள் வைத்துக் கொடுத்த கதை. பரேல், லால்பாக் மில் தொழிலாளிகள் ஷிஃப்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கையால் தின்றுகொண்டே போன கதை. அதே 1966 ஜூனில்தான் சிவசேனா பிறந்தது, அதன் முதல் கோபமே தென்னிந்தியர்கள் மேல்தான், உடுப்பி ஹோட்டல்களுக்குப் போட்டியாக வடா பாவ் கடைகளை அந்தக் கட்சி வளர்த்துவிட்டது என்ற மிச்சக் கதையை மட்டும் சொல்லமாட்டார். நம் இட்லிக்கு எதிராக நிறுத்திய வேட்பாளருக்கா சார் இவ்வளவு பிரச்சாரம் என்று கேட்டேன். "அரசியல் பேசாத தம்பி, வடை ஆறிடும்" என்றார். அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.

அந்த வீட்டில் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. விவரம் தெரியாமல் அவர் மாமியார் சொல்லிவிட்டார். "ஏன் மாப்ள, இது நம்ம உருளைக்கிழங்கு போண்டாதானே?" கடுகு, மஞ்சள், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மேலே கடலைமாவு, போண்டாவைத் தவிர வேறென்ன? மாப்பிள்ளை அன்று மாலை வரை யாரோடும் பேசவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். முதல் வடை எண்ணெயிலிருந்து வந்ததும் அதை நம் கையில்தான் வைப்பார். தான் தொடமாட்டார். நாம் கடிக்கும்போது நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தாணேக்குப் போனபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. இந்தி தெரியாது. ஹோட்டலுக்குள் போய் என்ன கேட்பதென்று தெரியாது. காசை நீட்டி, விரலைக் காட்டினால் கேள்வியே கேட்காமல் வயிறு நிறைய ஏதோ கிடைத்தது ஸ்டேஷன் வாசலில் மட்டும்தான். இதை ஒரே ஒருமுறை, வாய் தவறிச் சொன்னார். உடனே "மிளகாய எண்ணெயில போட்டு உப்பு தூவுனியா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

அந்தக் குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால், "இன்னைக்கு என் சமையல்" என்று ஊரைக் கூட்டிய மனிதர் செய்வது ஒரே வேலை. பாவை முழுக்க வெட்டாமல், ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கீறுவது. கிழங்கு அவித்து மசித்தது அவர் மனைவி, எங்களுக்கு அக்கா. கொப்பரை துருவி, மிளகாய் வறுத்து, அந்தக் காய்ந்த பூண்டுச் சட்னியை இடித்தது அக்கா. மே மாத வெயிலில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதும் அக்கா. எல்லோரும் கைகழுவிய பிறகு, காலையில் வைத்த ரசத்தை ஊற்றி நின்றபடியே சாப்பிடுவதும் அவர்தான். வடா பாவ் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

நேரமில்லாதவர்களுக்காகப் பிறந்த தின்பண்டம் சார் இது. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் மூடியபோது, வேலை போனவர்களில் பலர் வடா பாவ் வண்டி தள்ளித்தான் பிழைத்தார்கள். தாங்களே மாவு கரைத்து, தாங்களே பொரித்து, தாங்களே சட்டியும் கழுவினார்கள். அந்த பாம்பேயை நீங்கள் பார்க்காமலா வந்திருப்பீர்கள்?

அடுத்த வாரம் மிசல் பாவாம். அதற்கும் வருகிறேன், சாப்பிட்டுவிட்டு. பாவ் எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம். பூண்டை மட்டும் நீங்கள் உரியுங்கள்.