வீடு விற்பனையில் கிணற்றின் முதன்மை: உடையார்கட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

விற்கப்போகும் வீட்டை வாங்க வருவோர் கண்ணுக்கு ஏற்றபடி ஆயத்தப்படுத்துவது உலகில் ஒரு தனித்துறை. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1970களில் அதை ஒரு தொழிலாகவே ஆக்கினார். துறையின் விதிகள் எளியவை: குடும்பப் படங்களைக் கழற்று, தளபாடத்தைக் குறை, சுவருக்கு வெளிர் நிறம் பூசு, குசினியில் நல்ல வாசம் எழச் செய். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கும் உடையார்கட்டுக்கு இவ்விதிகளைக் கொண்டுவருவோர் முதல் நாளே தோற்றுப்போவர். அங்கே வீடு பார்க்க வருகிறவர் வீட்டைப் பார்ப்பதில்லை. படலையைத் திறந்து, விறாந்தையில் துடைத்துப் போட்டிருக்கும் கதிரையைக் கவனியாமல், நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்க்கிறார். ஆகவே ஆயத்தப்படுத்த வேண்டியது வீட்டையன்று, கிணற்றையே என்பது இவ்வாய்வின் துணிபு.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2009 போருக்குப் பிறகு இப்பகுதியில் கூரையோடு எஞ்சிய வீடு அரிது. மீள்குடியேற்றத்தின் பின் எழுந்தவற்றில் பல, உதவித் திட்ட வீடுகள். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. தரைப்பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. வாங்க வருகிறவரும் அநேகமாக அப்படியொரு வீட்டில் இருந்துதான் வருகிறார். அறை எங்கே, குசினி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். மனையடி சாஸ்திரம் அடிக்கணக்குக்குத் தக்கபடி பலன் சொல்கிறது. ஆனால் ஊரெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் கட்டினால் ஊருக்கெல்லாம் ஒரே பலன்தான். அதனால் ஒருவருக்கும் விலை கூடாது. இடத்துக்கு இடம் மாறுவது நிலத்துக்குக் கீழே இருப்பது மட்டுமே.

கிணற்றை ஆயத்தப்படுத்தும் கலையில் முதல் அங்கம் காலம். ஐப்பசியில் பிடிக்கும் மாரி மார்கழியோடு அடங்க, தையில் குளமும் கிணறும் ஒருமிக்க நிறைந்து நிற்கும். ஒழுங்கையில் சேறும் காய்ந்திருக்கும். விவரமான விற்பனையாளர் அப்போதுதான் தரகரிடம் வாய் திறப்பார். விவரமான கொள்வனவாளரோ ஆவணி வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். தையிலேயே வர நேர்ந்தாலும் அவர் ஏமாறுவதில்லை. மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் இறைக்கச் சொல்லுவார். நீர் இறங்க இறங்க, கிணற்றுச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாசிக் கோடுகள் தெரியவரும். கோடைக்குக் கோடை நீர் எங்கே நின்றது என்பதைச் சொல்லும் பதிவேடு அதுதான். பிறகு மோட்டரை நிற்பாட்டி, ஊற்று எவ்வளவு கெதியாக ஏறுகிறது என்று பார்ப்பார். ஆகவே சுவரைத் தேய்த்துப் பாசி போக்குதலும், இரண்டு நாளைக்கு வாழைக்குத் தண்ணி கட்டாமல் விடுதலும் ஆயத்தத்தின் கட்டாய அங்கங்கள்.

இரண்டாம் அங்கம் தேத்தண்ணி. வந்தவருக்குப் பிளேன்ரீ கொடுப்பது உபசாரம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. உண்மையில் அது ஓர் இரசாயனச் சோதனை. தண்ணியில் கல்சியம் கூடினால், தேயிலைச் சத்து அதனோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆடையாகப் படியும், நிறமும் மங்கும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் அந்த ஆடை கரைந்துவிடும். எனவே கேளாமலே தேசிக்காய் பிழிந்து தரும் வீட்டில் விருந்தோம்பல் சற்று மிகையென்று கொள்ளலாம். கேத்தலைப் புளி போட்டுக் கொதிக்கவைத்து உள்ளே படிந்த வெள்ளையைக் கழுவிவைப்போரும் உளர். இத்தனைக்கும் எதிரான ஆயுதம் கொள்வனவாளரிடம் இருக்கிறது: “தேத்தண்ணி வேண்டாம் அக்கா, ஒரு செம்பு பச்சத்தண்ணி தாங்கோ.”

இத்துணிபுக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். இன்று காசோடு வருவோர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். கைபேசித் திரையில் தண்ணியை ருசிக்க முடியாது. அவர்களுக்கு ரைல்ஸும் பெயின்ற்றுந்தானே தெரியும் என்பது முதலாவது. தெரிவது உண்மை, தீர்மானிப்பது அதுவன்று. வெளிநாட்டுக்காரர் வாங்குமுன் ஊரிலுள்ள சித்தப்பாவையோ அத்தானையோ அனுப்புவார். அத்தான் திரையில் வீட்டை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் சொல்லும் “தண்ணி நல்லம்” என்ற இரண்டு சொல்லிலேயே விலை நிற்கிறது. காணியின் பேப்பர்தான் முதன்மை என்பது இரண்டாவது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்வரும் பெர்மிட் காணியை உறுதிக் காணி போல நினைத்தபடி கைமாற்ற முடியாது. பிரதேச செயலகத்தின் படி ஏறியாக வேண்டும். இதை மறுக்கவில்லை. ஆனால் விற்கலாமா என்பதைத்தான் பேப்பர் சொல்லும். வாங்கலாமா என்பதைச் சொல்லாது. தண்ணி பிடிக்காதவர் பேப்பரை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதேயில்லை. மேலும், பேப்பர் அலங்காரத்துக்கு அடங்காதது. ஆகவே அது இத்துறையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

எஞ்சுவது ஒரு கோட்பாட்டுச் சிக்கல். பாவித்த கார்ச் சந்தையில் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்று 1970இல் விளக்கிய ஜோர்ஜ் அக்கர்லொவ், 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஆராய்ந்த காருக்குப் பக்கத்து வீடு இல்லை. உடையார்கட்டில் உண்டு. இரண்டு வளவுக்கும் கீழே ஓடுவது அநேகமாக ஒரே நீர்தான். வந்தவர் திரும்பிப் போகும்போது வேலிக்கு அங்கால் நிற்கிறவரிடம், “அண்ணை, கோடைக்குத் தண்ணி எப்பிடி?” என்று ஒரு கேள்வி கேட்டால், தேய்த்த பாசியும் பிழிந்த தேசிக்காயும் வீணாகிவிடும். அந்த அண்ணையோடு போன வருஷம் கதியால் அரையடி தள்ளி நட்ட வழக்கில் கதை பேச்சு இல்லையென்றால், நல்ல தண்ணியும் அன்றைக்கு உவராகும். ஆகவே வீடு விற்க நினைப்போருக்கு இவ்வாய்வின் பரிந்துரை: பெயின்ற் வாங்க வைத்த காசைத் தொடவேண்டாம். கதியாலைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடுக. மற்ற ஆயத்தங்களைப் பிறகு யோசிக்கலாம்.