பெட்டி தேய்ப்பவர்

வீட்டிலேயே ஒரு ஆம்ப்ளிஃபயரோ ரேடியோவோ கட்டத் தொடங்கி, அதை வைக்கும் அலுமினியப் பெட்டியோடு நின்றுவிட்டவரே பெட்டி தேய்ப்பவர். சென்னை ரிச்சி தெருவில் இவரை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் கடைக்காரரிடம் டிரான்சிஸ்டரின் எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள். இவர் வெறும் பெட்டியைக் கையில் எடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பெயின்ட் அடித்த பெட்டியைக் காட்டினால் முகம் சுளிப்பார். பெயின்ட் என்பது குறையை மறைப்பவர்களுக்கானது என்பது இவர் கொள்கை.

பெட்டியில் இரண்டு வகை உண்டு. தகட்டை மடித்துச் செய்தது ஒன்று. உருக்கிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்த்தது மற்றொன்று. கிடார் எஃபெக்ட் பெடல் கட்டுவோர் பல நாடுகளில் வாங்கும், கனடாவின் ஹாமண்ட் நிறுவனத்து 1590பி இரண்டாம் வகை. வார்ப்புப் பெட்டியில் நுண்ணிய காற்றுத் துளைகள் இருக்கும். தேய்க்கத் தேய்க்க ஒன்று மறையும், அடியிலிருந்து இன்னொன்று முளைக்கும். விவரம் தெரிந்தவர் அங்கே நிறுத்திக்கொள்வார். இவர் தொடர்வார், பெட்டியின் சுவர்தான் மெலியும்.

தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர். எண் கூடக் கூடத் துகள் நைசாகும்: 400 எண் தாளில் ஏறத்தாழ 35 மைக்ரான், 2000-இல் 10 மைக்ரான். 220-இல் தொடங்கி 320, 400, 600, 800, 1000, 1500, 2000 எனப் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாள் போன திசைக்குக் குறுக்காக ஓட்டினால், பழைய கீறல் மிச்சமிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் தாளில் தூள் அப்பாது, பறக்கவும் பறக்காது. இதையெல்லாம் இவர் யாருக்கும் கற்றுத்தருவார், கேட்காதவர்களுக்கும்கூட. பக்கத்து வீட்டுப் பையன் செய்த பெட்டியைப் பார்த்ததும், "தம்பி, 400-லேருந்து 1000-க்குத் தாவிட்டே, அதான் கோடு தெரியுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

துளை போட்டு, பிசிறு எடுத்து, பிறகு தேய்ப்பதே முறை. இவருக்கு ஆசை பொறுக்காது, முதலில் தேய்த்துவிடுவார். பிறகு நாப் வைக்கத் துளையிடும்போது டிரில் பிட் வழுக்கி, முகம் தெரியும் பரப்பின் குறுக்கே ஒரு கோடு இழுக்கும். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்தவர்போல் இவர் மறுபடி 220-க்கு இறங்குவார்.

2000 எண் முடிந்ததும் மெட்டல் பாலிஷ். துணி கறுக்கும், அந்தக் கறுப்பில் பெட்டியிலிருந்து உரிந்த அலுமினியமும் சேர்ந்திருக்கும். இதற்கென இவர் எடுப்பது வீட்டிலேயே மிக மென்மையான பருத்தித் துணி. அது யாருடையது என்ற விசாரணை பிற்பாடு நடக்கும்.

"குத்துவிளக்கைத் தேய்க்கச் சொன்னா கை வலிக்குதுன்னீங்களே?" என்பார் மனைவி.

"அது பித்தளை" என்பார் இவர்.

அலுமினியத்தின் இயல்பு, தேய்த்த பரப்பில் காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு போர்த்திக்கொள்வது. மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் இதே அலுமினியம் ஆக்சைடுதான் என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் விளக்குவார். வந்தவர் ஆர்வமாகத் தொட்டுப் பார்ப்பார். விரல் ரேகை விழும். பேச்சு அத்தோடு முடியும். ரேகை விழாமலிருக்க கிளியர் லாக்கர் அடிக்கலாம். ஆனால் வழவழப்பு கூடக் கூட லாக்கருக்குப் பிடிமானம் குறையும், நாளடைவில் ஓரத்திலிருந்து உரியும். 600-உடன் நிறுத்திவிட்டு லாக்கர் அடிக்கச் சொன்னவரோடு இவர் இப்போது பேசுவதில்லை.

இத்துறையில் எதிர்க்கட்சியும் உண்டு. அவர்கள் ஸ்காட்ச் பிரைட்டை ஒரே திசையில் நேராக இழுத்து, இழை இழையாகக் கோடு விடுவார்கள். ரேகை அவ்வளவாகத் தெரியாது, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்துவிடுவதுதான் இவர் அதில் காணும் குறை.

உள்ளே போக வேண்டிய சர்க்யூட் போர்டு இத்தனை காலமும் பாலித்தீன் பையில் கிடக்கும். அலுமினியத் தூள் மின்சாரம் கடத்தும். போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகலாம். எனவே தேய்ப்பு முடிந்து, பெட்டியைக் கழுவித் துடைத்த பிறகே போர்டை உள்ளே வைக்க வேண்டும். இந்த ஒரு விதியை இவர் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். தேய்ப்பு முடியாததால் போர்டு உள்ளே போவதேயில்லை.

ஆம்ப்ளிஃபயருக்கு உலோகப் பெட்டி தேவைப்படுவது இரண்டு காரியங்களுக்கு: வெளி இரைச்சலைத் தடுக்க, ஷாக் அடிக்காமல் காக்க. இரண்டுக்கும் எர்த் கம்பி பெட்டியோடு இறுகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆக்சைடு மின்சாரம் கடத்தாது என்பதால் அந்த இடத்தைச் சுரண்டி, பல் வாஷர் போட்டுத் திருகை முடுக்குவார்கள். பெட்டியில் கட்டாயம் தேய்த்தாக வேண்டிய இடம் உட்புறத்தில் காசளவே உள்ள அந்த ஒன்றுதான். இவர் அங்கே மட்டும் தேய்த்திருக்க மாட்டார்.