சர்வதேசப் பள்ளியும் பஸ் ஆயாவும்

ஒரு பள்ளிக்கூடம் சர்வதேசப் பள்ளி என்னும் பதவியை அடைவதற்கு இன்னின்ன லட்சணங்கள் அமைந்திருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரையில் கண்களைத் திறந்துகொண்டு பிரயாணம் செய்தவர்கள், வாசலில் பல தேசக் கொடிகளும், முன்கூடத்தில் ரோஜா இதழ்கள் மிதக்கும் பித்தளை உருளியும், அதற்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளமும் காணப்படுமாயின், அது சர்வதேசக் கல்வி நடைபெறும் ஸ்தலம் என்று நிச்சயித்துக்கொள்ளலாம். இவற்றுள் எதற்கும் பாடத்தோடு சம்பந்தம் இல்லையே என்று கேட்பவர் உலக அனுபவம் இல்லாதவர். பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கும், உருளி கிடைக்குமா?

இத்தகைய பள்ளிகள் உலகத்தில் தோன்றிய வரலாறு மிகவும் கௌரவமானது. முதல் மகாயுத்தம் முடிந்து சர்வதேச சங்கம் ஜினீவாவைத் தலைமையிடமாகக் கொண்டபோது, பல தேசங்களிலிருந்து அங்கே உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், தங்கள் குழந்தைகள் எந்த மொழியில் எதைப் படிப்பது என்று திகைத்து, 1924-ஆம் வருஷத்தில் அந்நகரிலேயே ஒரு சர்வதேசப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். அது ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரு மொழிகளையும் கைக்கொண்டது. பிறகு 1968-இல், எந்தத் தேசத்துக்கு மாற்றலாகிப் போனாலும் செல்லத்தக்க ஒரு பரீட்சை வேண்டும் என்று அதே ஜினீவாவில் ஐ.பி. என்னும் அமைப்பும் பிறந்தது. ஆகவே, ஓயாது தேசம் விட்டுத் தேசம் போகும் ராஜதந்திரிகளின் குழந்தைகளை உத்தேசித்து எழுந்தது இந்தக் கல்வி. என் மாப்பிள்ளையோ, தமது உத்தியோக வாழ்க்கை முழுவதிலும் துரைப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாற்றலானதே பெரிய இடமாற்றம் என்று கருதுகிற ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரி. ஆனாலும் என் பேத்தி மூன்று வயதில் பிரவேசித்துப் பதினெட்டு வயதில் வெளியே வருவதற்குத் தகுந்த இருமொழிச் சர்வதேசப் பள்ளி ஒன்றில்தான் சேரவேண்டும் என்று அவரும் என் பெண்ணும் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள்.

சேர்ப்பதற்கு முன் நேர்முகப் பரீட்சை உண்டு என்றார்கள். குழந்தைக்கு என்று நினைத்தேன், பெற்றோருக்காம். மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட அணியாத ஒரு கோட்டை அணிந்துகொண்டு, "குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி உங்கள் கனவு என்ன?" என்ற கேள்விக்கு இரவெல்லாம் உருப்போட்ட விடையை ஒரு வரி பிசகாமல் ஒப்புவித்தார். நடுவில் அலுப்படைந்த என் பேத்தி, மேஜைக்கு அப்பால் வீற்றிருந்த தலைமை ஆசிரியையைப் பார்த்து, "உன் பேரு என்ன? உனக்கு அம்மா இருக்காளா?" என்று இரண்டு கேள்விகளைத் தொடுத்தாள். எங்களுக்கு முகம் வெளுத்தது. அந்த அம்மாளோ பரவசத்துடன் ஏதோ குறித்துக்கொண்டார். மாணவரிடம் வளர்க்க வேண்டியவை என்று ஐ.பி. அமைப்பு வகுத்திருக்கும் பத்துக் குணங்களில் தானாகவே விசாரித்து அறிதல் முதலாவது என்றும், அது இந்தக் குழந்தைக்கு ஜன்மத்திலேயே வாய்த்திருக்கிறது என்றும் பிற்பாடு விளக்கினார்கள்.

கட்டண விவரத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து நான் ஓய்வுபெற்றபோது வாங்கிய வருஷச் சம்பளத்தைக் காட்டிலும், மணலில் விளையாடுவதற்கு என் பேத்தி கட்டும் தொகை அதிகம் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். "சிற்றுண்டியும் அதிலேயே அடக்கம், மாமா" என்று மாப்பிள்ளை எனக்கு ஆறுதல் கூறினார்.

மேற்படி பத்துக் குணங்களில் துணிந்து இறங்குதல் என்பதும் ஒன்று. வகுப்பிலிருந்த புஸ்தக அலமாரியின் உச்சியில் என் பேத்தி ஏறி உட்கார்ந்துகொண்ட சம்பவம், அந்தப் பருவத்து அறிக்கையில் இந்தக் குணத்தின் கீழ்ப் பாராட்டாகப் பதிவாகி வந்தது. அதை என் பெண் பெருமிதத்துடன் உரக்கப் படித்தாள். இதே குணத்துக்கு எங்கள் காலத்து உபாத்தியாயர்கள் புளிய விளாறால் பரிசளித்தார்கள். மேல் வகுப்பு மதிப்பெண் விவகாரமோ இதைவிடச் சூட்சுமமானது. ஆறு பாடங்களுக்குத் தலா 7, கட்டுரை முதலியவற்றுக்கு 3, ஆக மொத்தம் 45-க்குமேல் அங்கே பிரம்மாவாலும் வாங்க முடியாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்தப் பரீட்சையில் 38 வாங்கினான் என்று கேள்விப்பட்ட எதிர்வீட்டு மாமி, அவன் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "போகட்டும், 35-ஐத் தாண்டிவிட்டானே! பாஸ் பண்ணினதே பெரிசு, மனசைத் தளர விடாதே" என்று தேற்றினார்.

மணல் என்று சொன்னேன் அல்லவா? தாத்தா பாட்டிகளை அழைத்து உபசரிக்கும் விழா ஒன்றின்போது மழலை வகுப்பைச் சுற்றிக் காட்டினார்கள். பளபளப்பான மரத்தட்டில் சலித்த வெண்மணலைப் பரப்பி, குழந்தைகள் விரலால் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தார்கள். புலன்களின் வழியாகக் கற்பிக்கும் அதிநவீன வெளிநாட்டு முறை இது என்று இளம் ஆசிரியை ஒருத்தி விளக்கினாள். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பித்தான் அரிச்சுவடி ஆரம்பிப்பது வழக்கம். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியை மேற்பார்வையிட வந்தவர், நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு ஆச்சரியமுற்றுத் தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உபாத்தியாயர்கள் ஒத்துழைக்க மறுக்கவே, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். நம்மூர்த் திண்ணையில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகப் பார்த்துவந்த உத்தியோகம் அது. சீமைக்குத் திரும்பிய பெல், 1797-இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட, சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் பல தேசங்களிலும் பரவியது. அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1833-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஏற்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்றே நாமகரணம் செய்தார்கள். இன்றும் அது அந்தப் பெயரோடுதான் நடக்கிறது. அவர்கள் தங்கள் பள்ளிக்கு மெட்ராஸ் என்று பெயர் வைக்கிறார்கள். மெட்ராஸில் நாம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று பெயர் வைக்கிறோம். 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்கும் தமது முறையை நம் ஆசிரியர்களுக்குப் போதித்தார். இங்கிருந்து மணலாகப் போன சரக்கு உப்புத்தாளாகத் திரும்பி வந்ததென்றும், இப்போது மறுபடியும் மணலாகி, வருஷத்துக்கு இத்தனை லட்சம் என்று விலையேறியிருக்கிறதென்றும் நான் அந்த ஆசிரியையிடம் சொல்ல வாய் திறந்தேன். "அப்பா, போட்டோ எடுக்கிறார்கள், சிரியுங்கள்" என்று என் பெண் தடுத்துவிட்டாள்.

இனி இருமொழி விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலமும் தமிழும் இரு கண்கள் என்று பள்ளியின் வழவழப்பான அறிமுகப் புஸ்தகம் அறிவிக்கிறது. வகுப்பில் நான் கண்ட வரையில், ஆசிரியை ஒரு நீண்ட வாக்கியத்தை ஆங்கிலத்தில் கூறிவிட்டு, முடிவில் "ஓகேவா?" என்று கேட்பார், அந்த 'வா'தான் தமிழ்ப் பகுதி. தமிழுக்கென்று வாரத்தில் சில பீரியட்டுகள் இல்லாமல் இல்லை. அவற்றில் மரத்துக்குப் பச்சை வர்ணம் தீட்டி, அதன் கீழ் மரம் என்று எழுதுகிறார்கள். இப்படியிருந்தும் என் பேத்தியின் தமிழ் நாளுக்கு நாள் வளர்ந்து வருவதன் மர்மம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

மர்மம் மஞ்சள் நிறமுள்ள பள்ளி பஸ்ஸில் இருந்தது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மெட்ரோ ரயிலுக்காகச் சாலையின் நடுவே தூண்கள் எழும்பத் தொடங்கிய பிறகு அதற்கும் மேலே. அவ்வளவு நேரமும் குழந்தைகள் பஸ் ஆயாவின் ஆதீனத்தில் இருக்கிறார்கள். அந்த அம்மாள் பயிற்சிப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் கதை சொல்கிறார், விடுகதை போடுகிறார், பழமொழியால் சண்டை தீர்க்கிறார், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுபவனைப் பேரப்பிள்ளையைப் போல உரிமையோடு அதட்டுகிறார். மோட்டார்த் தொழிற்சாலையின் பொருட்டுக் கொரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அந்த பஸ்ஸில் வருகிறான், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசிக் குழந்தை ஏறியதும், "போலாம் ரைட்!" என்று அவன் கொடுக்கிற குரலுக்குத்தான் டிரைவர் வண்டியை எடுக்கிறார். அந்தப் பள்ளியில் நான் கண்ட சர்வதேசக் கல்வி அந்த ஒரு குரல்தான். 2006-இல் நமது சட்டசபை, பள்ளிகளில் தமிழ் கற்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. சட்டம் இயற்றுவது சட்டசபையின் வேலை. எங்கள் தெருவைப் பொறுத்தவரை அதை நிறைவேற்றுவது ஆயாவின் வேலை. மெட்ரோ வேலை முடிகிற வரையில் தமிழுக்கு அபாயம் ஒன்றுமில்லை.

பஸ்ஸில் பெற்ற பாண்டித்தியத்தை என் பேத்தி வீட்டில் பிரயோகிக்கும் அழகே தனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட்டத்தில் மகளிடம் தோற்றுப்போன மாப்பிள்ளை, போர்டில் பவுடர் போதவில்லை என்று நியாயம் பேசினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று பேத்தி காய்களை அடுக்கியபடியே பதில் சொன்னாள். மாப்பிள்ளை திடுக்கிட்டு, இது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது என்று என் பெண்ணைக் கேட்டார். என் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தும் சட்டாம்பிள்ளையும் அவளே. நான் மறுத்துப் பேசினால், "தொணதொணன்னு பேசாம ஓரமா குந்து தாத்தா" என்று ஆயாவின் குரலிலேயே அடக்கிவிடுகிறாள். ஒரு வாயில் இரு மொழிகளும் இவ்வளவு சரளமாக வருவதைக் கண்ட பெற்றோர், அறிமுகப் புஸ்தகத்தில் வாக்களித்தபடியே பள்ளி நடந்துகொண்டுவிட்டது என்று பூரிப்பதா, அல்லது குந்து என்ற சொல்லுக்காக ஆயாவின் மேல் புகார் எழுதுவதா என்று தீர்மானிக்க முடியாமல் தத்தளிக்கிறார்கள்.

புகார் எழுத உத்தேசித்திருக்கும் பெற்றோர்களுக்கும், அதைப் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றே. இருமொழிக் கல்விக்கென்று வசூலிக்கும் பணத்தில், ஒரு மொழிக்கு உரிய கூலி உருளிக்கும் ரோஜாப்பூவுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த வருஷம் கட்டணத்தை உயர்த்தத்தான் போகிறீர்கள், உயர்த்துங்கள். அதோடு பஸ் ஆயாவின் சம்பளத்தையும் உயர்த்துங்கள்.